2,896 டாலர் யானை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அக்கா பையன் டெட்ராய்ட்ல இருந்து வீடியோ கால் பண்ணினான். படிப்பு முடிச்சு, முதல் வேலை கிடைச்சு எட்டு மாசம் ஆகுது. "மாமா, ஒரு வி8 பார்த்து வெச்சிருக்கேன். செகண்ட் ஹேண்ட் தான். விலை நம்ம கைக்குள்ள வருது"ன்னு சொல்லி போட்டோ காட்டினான். சிவப்பு கலர், அகலமான பின் டயர். ஓட்டவே தெரியாத எனக்கே லேசா ஆசை வந்துச்சு.

"சரிடா, இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு கேட்டியா?"ன்னேன்.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மாமா."

இந்த 'அப்புறம் பார்த்துக்கலாம்' இருக்கு பாருங்க, இது அவனோட வார்த்தை இல்லை. அதே டெட்ராய்ட்ல ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னாடி லட்சக்கணக்கான வாலிபர்கள் சொன்ன வார்த்தை. அந்த வார்த்தை ஒரு கார் வகையையே எப்படி சாய்ச்சதுன்னு அவன்கிட்ட போன்ல அரைமணி நேரம் சொன்னேன். பாதியில தூங்கிட்டான்னு நினைக்கிறேன். உங்ககிட்ட முழுசா சொல்லிடறேன்.

மசில் கார்னா என்ன? ஒண்ணும் பெரிய ரகசியம் இல்லைங்க. நடுத்தர அளவுல, சாதாரண குடும்பம் வாங்குற ஒரு காரை எடுத்துக்கோங்க. அதுக்குள்ள பெரிய காருக்குன்னு செஞ்ச இன்ஜினைத் திணிங்க. அவ்வளவு தான். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி வளைவுல நளினமா திரும்பணும்னு யாரும் எதிர்பார்க்கலை. சிக்னல்ல பச்சை விழுந்தா நேர்கோட்டுல பாயணும். கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர், எத்தனை செகண்டுல போகுதுங்கறது தான் ஜாதகம்.

1964-ல வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.ல இருந்து தான் கதையை வழக்கமா ஆரம்பிப்பாங்க. அப்ப ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு சட்டம் இருந்துச்சு: நடுத்தரக் கார்ல 330 கன அங்குலத்துக்கு மேல இன்ஜின் வைக்கக் கூடாது. போன்டியாக்ல தலைமை இன்ஜினியரா இருந்த ஜான் டிலோரியனும் அவரோட ஆட்களும் ஒரு சந்து கண்டுபிடிச்சாங்க. சட்டம் கார் மாடலுக்குத் தானே, கூடுதல் வசதிக்கு இல்லையே! டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு சுமார் 295 டாலர் 'கூடுதல் வசதி'ன்னு போட்டு, 389 கன அங்குல இன்ஜினை உள்ள இறக்கிட்டாங்க. 5,000 வித்தா போதும்னு நினைச்சது, முதல் வருஷமே 32,450 போச்சு. 1966-ல 96,946.

வித்ததும் என்ன ஆகும்? நம்ம ஊர் ஓட்டல் மாதிரி தான். கூட்டம் சேர்ந்தா மெனு கார்டு மாறும். குஷன் சீட்டு, கார்ப்பெட், மர டிசைன்னு ஒவ்வொண்ணா சேர்ந்து, 1968-ல ஜி.டி.ஓ. அடிப்படை விலையே 3,100 டாலர் பக்கம் வந்துடுச்சு. எந்தப் பசங்களுக்காக வந்த காரோ, அந்தப் பசங்க கையில இருந்து நழுவ ஆரம்பிச்சது.

அங்க தான் கிரைஸ்லரோட பிளைமவுத் பிரிவு புகுந்துச்சு. அவங்க வெச்ச இலக்கு ஒரே வரி: கால் மைல் 14 செகண்டுல ஓடணும், விலை 3,000 டாலருக்குள்ள இருக்கணும். வேகத்துக்கு உதவாத எல்லாத்தையும் கழட்டுன்னாங்க. கார்ப்பெட் கிடையாது, ரப்பர் மேட்டு தான். தனித்தனி சீட்டு கிடையாது, பெஞ்சு தான். ரேடியோ வேணுமா, தனியா காசு கொடு. ஆனா இன்ஜின்? 383 கன அங்குலம் (நம்ம கணக்குல 6.3 லிட்டர்), 335 குதிரைத்திறன். நாலு கியர். போலீஸ் காருக்குப் போடுற மாதிரி கெட்டியான சஸ்பென்ஷன். விலை 2,896 டாலர்.

பேரு ரோட் ரன்னர். ஆமாங்க, கார்ட்டூன்ல ஓநாய்கிட்ட மாட்டாம ஓடுமே, அதே பறவை தான். அந்தப் பேருக்கும் படத்துக்கும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தாங்க. ஹாரன் கூட அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்'னு கத்தும். கார்ப்பெட்டுல மிச்சம் பிடிச்சு ஹாரன்ல செலவு பண்ணியிருக்காங்க! பசங்க மனசு தெரிஞ்ச ஆளுங்க தான்.

1968-ல சுமார் 45,000 வித்துச்சு. அதே கம்பெனியோட டாட்ஜ் பிரிவு கிட்டத்தட்ட இதே சரக்கை 'சூப்பர் பீ'ன்னு 3,027 டாலருக்கு விட்டுச்சு. அது 8,000 கூடத் தேறலை. வித்தியாசம் 131 டாலர். பேரும் ஹாரனும் கூட காரணம் தான், ஆனா 3,000-ங்கற கோடு எவ்வளவு முக்கியம்னு புரியுது இல்லையா? 1969-ல ரோட் ரன்னர் 80,000-த்தைத் தாண்டி ஜி.டி.ஓ.வையே முந்திடுச்சு. அந்த வருஷ 'மோட்டார் ட்ரெண்ட்' பத்திரிகையோட சிறந்த கார் விருதும் இதுக்குத் தான்.

இதைப் பார்த்து போன்டியாக் சும்மா இருக்குமா? நாமளும் ஒரு மலிவு கார் விடுவோம்னு 1969-ல 'தி ஜட்ஜ்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. செஞ்சு முடிக்கறதுக்குள்ள ஸ்பாய்லர், ஸ்டிக்கர், பெரிய இன்ஜின்னு ஏத்தி, கடைசியில சாதாரண ஜி.டி.ஓ.வை விட 332 டாலர் அதிகமாயிடுச்சு. மலிவா செய்யறது எவ்வளவு கஷ்டம் பாருங்க.

சரி, இப்ப வாங்குறவன் பக்கம் வந்து உட்காருவோம். நோட்டும் பேனாவும் எடுங்க.

1968-ல அமெரிக்காவுல குறைந்தபட்ச கூலி மணிக்கு 1.60 டாலர். 2,896 டாலர்னா 1,810 மணி நேர உழைப்பு. வாரம் 40 மணி நேரம்னா 45 வாரம். டெட்ராய்ட் கார் ஆலையில வேலை பார்த்தவனுக்கு இதுல ரெண்டு மடங்குக்கு மேல சம்பளம், அவனுக்குக் கஷ்டம் இல்லை. ஆனா பெட்ரோல் பங்க்லயும் கடையிலயும் நின்ன இருபது வயசுப் பையன் தான் இந்தக் காரைக் கனவு கண்டவன். அவன் கணக்கைப் பார்ப்போம்.

முன்பணமா 600 டாலர் சேர்த்து வெச்சிருக்கான்னு வெச்சுக்குவோம். பாக்கி 2,296. 36 மாசத் தவணைன்னா, வட்டியை மறந்துட்டாலும் மாசம் 64 டாலர். அவனோட மாசச் சம்பளம் வரிக்கு முன்னாடி சுமார் 277. அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் கீழ. பரவாயில்லை, சமாளிக்கலாம்.

அடுத்தது பெட்ரோல். இந்தக் கார் கேலனுக்கு 12 மைல் கொடுத்தா சந்தோஷப்படணும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தான்! ஆனா அன்னிக்கு ரெகுலர் பெட்ரோல் கேலன் 34 சென்ட். இந்த இன்ஜினுக்கு பிரீமியம் ஊத்தணும், அது சில சென்ட் கூட. வருஷம் 10,000 மைல் ஓட்டினா 833 கேலன், சுமார் 300 டாலர். மாசம் 25. தவணையில பாதி கூட இல்லை. குடிகாரக் கார், ஆனா சாராயம் மலிவு. அதுக்கப்புறம் டயர். 'கால் மைல்' பழக்கம் இருக்கறவன் பின் டயரை பென்சில் ரப்பர் மாதிரி தேய்ச்சுடுவான்.

இது வரைக்கும் தாங்கும். தாங்காத செலவு வேற இடத்துல இருந்து வந்துச்சு. ஆமா, இன்சூரன்ஸ்.

25 வயசுக்குக் கீழ உள்ள ஆம்பளைப் பசங்களுக்கு ஏற்கனவே ப்ரீமியம் ஜாஸ்தி. 1960-களோட கடைசியில கம்பெனிகள் இன்னொரு கணக்கையும் போட ஆரம்பிச்சாங்க. காரோட எடையை குதிரைத்திறனால வகுத்துப் பாரு. ஒரு குதிரைக்கு வர்ற எடை ரொம்பக் கம்மியா? அப்ப இது 'சூடான' கார், தனிக் கட்டணம் போடு. சில கம்பெனிகள் சின்னப் பசங்களுக்குப் பாலிசியே தர மாட்டேன்னுட்டாங்க. 1970 வாக்குல ப்ரீமியம் கார் தவணையோட போட்டி போடற அளவுக்கு வந்துடுச்சு. நம்ம பையன் கணக்குல இன்னொரு 64-ஐச் சேர்த்துப் பாருங்க. 64 + 64 + 25 = 153. சம்பளத்துல பாதிக்கு மேல கார் தின்னுடுது. அப்புறம் அவன் என்னத்தைத் தின்பான்?

இன்சூரன்ஸ்காரனைத் திட்டத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அவன் பக்கமும் நியாயம் இருந்துச்சுங்க. 1966-ல அமெரிக்காவுல சாலை விபத்துல செத்தவங்க எண்ணிக்கை முதன்முறையா ஒரு வருஷத்துல 50,000-த்தைத் தாண்டிச்சு. 335 குதிரையை முன்னாடி பூட்டிட்டு, நிறுத்தறதுக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக் கொடுத்திருந்தாங்க. டிஸ்க் பிரேக் வேணும்னா கூடுதல் காசு. அந்த 2,896-ல மிச்சம் பிடிச்சது கார்ப்பெட்டுல மட்டும் இல்லைன்னு இப்பப் புரியுது. காகிதத்துல இல்லாத செலவை யாரோ ஒருத்தர் எங்கேயோ கொடுத்துட்டு இருந்தாங்க. இன்சூரன்ஸ் கம்பெனி அதை ரசீதா மாத்திக் கையில கொடுத்துச்சு, அவ்வளவு தான்.

கார் கம்பெனிகளும் விளையாடிப் பார்த்தாங்க. ஃபோர்டோட 428 கோப்ரா ஜெட் இன்ஜினை வெறும் 335 குதிரைன்னு காகிதத்துல காட்டினாங்க. உண்மையில அதுக்கும் மேல. பந்தயத்துல சுலபமான பிரிவு கிடைக்கும், இன்சூரன்ஸ்காரன் கண்ணுலயும் உறுத்தாது! பிளைமவுத் 1970-ல சின்ன உடம்புல 340 கன அங்குல இன்ஜின் வெச்சு, 275 குதிரைன்னு அடக்கமா சொல்லி, டஸ்டர் 340-ஐ 2,547 டாலருக்கு விட்டுச்சு. இதுல முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் சேர்த்தே கொடுத்தாங்க. கொஞ்சம் புத்தி வந்த கார்.

இப்ப முக்கியமான விஷயம். மசில் காரைக் கொன்னது யாருன்னு கேட்டா பத்துல ஒம்பது பேர் "1973 எண்ணெய் நெருக்கடி"ன்னு சொல்லுவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித் தான் நம்பிட்டு இருந்தேன். ஆனா விற்பனைக் கணக்கைப் பாருங்க. 1969-ல 80,000-த்தைத் தாண்டின ரோட் ரன்னர், 1970-ல சுமார் 41,000. 1971-ல 14,218. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினது 1973 அக்டோபர்ல. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே ஆளு பாதி செத்தாச்சு!

விலை ஏறினதாலயா? அதுவும் இல்லை. 1970-லயும் அடிப்படை ரோட் ரன்னர் 3,000-க்குள்ள தான் இருந்துச்சு. நாலு கியரை மூணா குறைச்சாவது விலையைப் பிடிச்சு வெச்சாங்க. புகைக் கட்டுப்பாடா? பெரிய அளவுல இன்ஜினை அடக்க ஆரம்பிச்சது 1971 மாடல்ல இருந்து தான். 1970-ல இன்ஜின்கள் உச்சத்துல இருந்துச்சு. அந்த வருஷம் பொருளாதார மந்தம் இருந்தது உண்மை. டஸ்டர் மாதிரி பங்காளிங்க பங்கு கேட்டதும் உண்மை. ஆனா ஷோரூம்ல எழுதியிருந்த விலை அப்படியே இருக்க, வாங்க வந்தவன் திரும்பிப் போனான்னா, பெரிய காரணம் ஷோரூமுக்கு வெளியில தான் இருந்திருக்கணும். என்னைக் கேட்டா அது இன்சூரன்ஸ் தான்.

எண்ணெய் நெருக்கடி வந்தப்ப மிச்சம் இருந்ததை அடக்கம் பண்ணுச்சு. பெட்ரோல் 1973-ல சராசரி 39 சென்ட், 1974-ல 53 சென்ட். நாடு முழுக்க 55 மைல் வேக வரம்பு. எல்லாத்தையும் ஆரம்பிச்சு வெச்ச ஜி.டி.ஓ. 1974-ல 7,058 வித்து, அந்தக் கால வரிசையில கடைசியாச்சு.

எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு, 'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?'ன்னு. எங்கப்பா ஒரு தடவை சல்லிசா வருதேன்னு பழைய கார் ஒண்ணு வாங்கினார். வாங்கின காசை விட மெக்கானிக்குக் கொடுத்த காசு அதிகம். ஒருநாள் அம்மா கம்மலைக் கழட்டிக் கொடுத்தப்ப தான் காரை வித்தார். கார் போனதுல எனக்கு வருத்தம், அம்மாவுக்கு நிம்மதி. அன்னிக்கு அம்மா முகத்துல இருந்த நிம்மதி எனக்குப் புரிய இருபது வருஷம் ஆச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா பையன் மறுபடி கூப்பிட்டான். குரல்ல சுரத்தே இல்லை.

"மாமா, இன்சூரன்ஸ் விசாரிச்சேன். மாசத் தவணையை விட அது அதிகமா வருது."

அமெரிக்காவுல கார் இன்சூரன்ஸ் ரொம்ப எகிறுற ஊர்கள்ல டெட்ராய்ட்டும் ஒண்ணு. அந்தக் காரை உலகத்துக்குச் செஞ்சு கொடுத்த ஊர்லயே அதை வெச்சிருக்க முடியலை.

"நான் அப்பவே சொன்னேன்ல?"ன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்கலை. "இப்ப என்ன பண்ணப் போற?"ன்னேன்.

"நாலு சிலிண்டர் ஒண்ணு பார்த்திருக்கேன். வெள்ளைக் கலர். அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அந்தச் சிவப்புக் கார் போட்டோவை மட்டும் இன்னும் அழிக்கலையாம்.