ஸ்கெடாடில்

ஸ்கெடாடில் என்பது இருக்கும் இடத்தைவிட்டு அவசரமாக ஓடிவிடுவதைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்கு வினைச்சொல். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் வழியே பரவியது. தமிழில் 'ஓட்டம் பிடித்தல்' இதற்கு நெருக்கமான வழக்கு.

பொருளும் பயன்பாடும்

விரைவு மட்டும் இருந்தால் இச்சொல் பொருந்தாது; இடத்தைக் காலிசெய்வதும் சேர வேண்டும். பந்தயத்தில் முந்தும் வீரரை இப்படிச் சொல்வதில்லை. போலீஸைக் கண்டதும் சீட்டுக்கட்டைப் போட்டுவிட்டுச் சிதறும் கும்பலைச் சொல்லலாம். இது செயப்படுபொருள் குன்றிய வினை. உச்சரிப்பில் இரண்டாம் அசை அழுத்தம் பெறும். பெயர்ச்சொல்லாகவும் வரும். காலைச் சுற்றும் பிள்ளைகளை விரட்ட ஏவலாகவும், விருந்தினர் 'நேரமாச்சு, கிளம்புறேன்' என்று விடைபெறும்போது வேடிக்கையாகவும் பயன்படுகிறது. அலுவல் கடிதங்களில் இதற்கு இடமில்லை.

வரலாறு

வடபகுதிப் படைவீரர்கள், பின்வாங்கிய தென்பகுதிப் படையைக் கேலிசெய்யவே இதை முதலில் கையாண்டார்கள். ஆனால் 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் நடந்த முதலாம் புல் ரன் போரில் கலைந்து ஓடியது வடபகுதிப் படைதான். சண்டையை வேடிக்கை பார்க்க வாஷிங்டனிலிருந்து வண்டிகட்டிப் போயிருந்தவர்களும் அந்த நெரிசலில் சிக்கித் தலைநகருக்குத் திரும்பினார்கள். அந்த ஓட்டத்துக்குப் 'பெரும் ஸ்கெடாடில்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1863இல் வடபகுதியில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. அதற்குத் தப்பிக் கனடாவுக்குள் நுழைந்தவர்களை 'ஸ்கெடாட்லர்' என்றார்கள். நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் அவர்கள் தங்கிய மேட்டுநிலம் இன்றும் ஸ்கெடாடில் ரிட்ஜ் என்றே வழங்குகிறது.

சொற்பிறப்பு

மூலம் உறுதிப்படவில்லை. 'சிதறடி' என்று பொருள்படும் கிரேக்க வினையோடு இணைத்துச் சிலர் விளக்கினார்கள். ஒலி ஒப்புமைக்கு மேல் அதற்கு வலுவான சான்றில்லை. பால் போன்றவை சிந்துவதைக் குறித்த ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து வட்டார வழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்பது மற்றொரு கருத்து.

தொடர்புடைய சொற்கள்

'வமூஸ்' ஸ்பானிய மொழியிலிருந்து அமெரிக்காவில் வேரூன்றியது. 'ஸ்கார்ப்பர்' பிரிட்டன் வழக்கு. பெரும்பாலும் இத்தாலிய மூலம் கொண்டதாகக் கருதப்படுகிறது. 'ஸ்கிராம்' 1920களின் அமெரிக்கக் கொச்சை; முகத்திலடித்தாற்போல் 'ஓடிப்போ' என்னும் தொனியுடையது. இவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய ஸ்கெடாடிலில் கடுமை குறைவு, விளையாட்டுத்தனம் அதிகம்.