மனு கொடுத்தால் என்ன ஆகும்?

"மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது சென்னை வியாபாரி கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் கதையைத்தான்.

1844-இல் 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் சென்னை சுதேசிகள் சங்கம் அமைத்து, லண்டன் பாராளுமன்றத்துக்கே மனு அனுப்ப ஏற்பாடு செய்தார். அக்காலத்தில் வரி பாக்கிக்காகக் குடியானவர்களின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பதும், வெயிலில் நிறுத்துவதும் வழக்கமாயிருந்தன.

டான்பி சீமூர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் நேரில் வந்து பார்த்தார்; திரும்பிப்போய் சபையில் பேசினார். 1854-இல் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைத்தது. சித்திரவதை நடப்பது உண்மையே என்று 1855-இல் அதன் அறிக்கை ஒப்புக்கொண்டது.

தாலுகா கச்சேரியோடு அமுங்கியிருக்க வேண்டிய குறை, எழுதி அனுப்ப ஆள் இருந்ததால் கடல் கடந்தது. எனவே எழுதுங்கள், நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள்.