மலச்சிக்கலுக்கு சோப்பு, வயித்துவலிக்கு அபின்... 'பேட்டன்ட் மருந்து'களின் கதை தெரியுமா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 'டிராவலர்ஸ் ரெஸ்ட்' என்று ஓர் இடம் இருக்கு. 1804-ல் கிளம்பி, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை வரை போய்த் திரும்பிய லூயிஸ் - கிளார்க் பயணக்குழு வழியில் தங்கிய முகாம் அது. சரியா எந்த இடத்துல தங்கினாங்கன்னு 2002-ல் தொல்லியல் ஆய்வாளர்கள் எதை வச்சு உறுதி செஞ்சாங்க தெரியுமா? அவங்க டாய்லெட் குழியில் இருந்த பாதரசத்தை வச்சு!

அந்தக் குழு, டாக்டர் பெஞ்சமின் ரஷ் தயாரித்த பேதி மாத்திரைகளை 50 டஜன் எடுத்துட்டுப் போனது. பாதரச உப்பும், ஜலாப் என்ற பேதி வேரும் சேர்ந்த மாத்திரை. வயித்துல போட்டதும் அது செஞ்ச வேலையைப் பார்த்து, அதுக்கு 'இடி'ன்னே பட்டப்பெயர் வச்சிருந்தாங்க. உடம்பு ஏத்துக்காத பாதரசம் அப்படியே வெளியே வந்து, 200 வருஷம் மண்ணுலேயே கிடந்திருக்கு.

இத்தனைக்கும் ரஷ், அந்தக் காலத்து அமெரிக்காவின் பிரபல டாக்டர். டாக்டர் மருந்தே இப்படின்னா, ஜனங்க வேற வழி தேடத்தானே செய்வாங்க? அந்த இடத்துலதான் 'பேட்டன்ட் மருந்து' வியாபாரம் உள்ளே நுழைஞ்சது.

பேர்லதான் பேட்டன்ட்!

இங்கிலாந்தில் அரசர் சில தயாரிப்பாளர்களுக்குத் தனி உரிமைப் பத்திரம் கொடுப்பது வழக்கம். அதிலிருந்து வந்த பெயர்தான் 'பேட்டன்ட் மருந்து'. ஆனா, 19-ம் நூற்றாண்டில் இந்தப் பெயரில் வித்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டன்ட்டே கிடையாது. காரணம் சிம்பிள். பேட்டன்ட் வாங்கணும்னா உள்ளே என்ன இருக்குன்னு எழுதிக் கொடுக்கணும். அதைச் சொல்லிட்டா வியாபாரமே போச்சு. அதனால பெயரையும் பாட்டில் வடிவத்தையும் மட்டும் பதிவு செஞ்சுட்டு, உள்ளே இருப்பதை ரகசியமா வச்சுக்கிட்டாங்க.

இதுல வயிற்று மருந்துகளுக்கு எப்பவுமே தனி மவுசு. சுத்தமில்லாத தண்ணீர், கெட்டுப்போன பால், ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். அஜீரணம், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு இல்லாத வீடே இருக்காது. அதுமட்டுமில்ல, வயித்துக் கோளாறு பாதி நேரம் தானாவே சரியாகிடும். கிரெடிட் மட்டும் கடைசியா குடிச்ச மருந்துக்குப் போயிடும்!

'ஒரு கினி பெறும்' மாத்திரை

இங்கிலாந்தின் லங்காஷயரில் தாமஸ் பீச்சம் என்பவர் 1840-களில் விற்க ஆரம்பிச்ச மாத்திரை 'பீச்சம்ஸ் பில்ஸ்'. 'ஒரு பெட்டி ஒரு கினி பெறும்' என்பதுதான் விளம்பரம். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். விற்ற விலையோ ஒரு ஷில்லிங்கும் ஒன்றரை பென்னியும். '21 ரூபாய் பொருள் ஒரு ரூபாய்க்கு'ன்னு சொல்ற அதே ஆஃபர் டெக்னிக்தான்.

1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மாதிரி மருந்துகளை லேப்ல பிரிச்சுப் பார்த்து, 'சீக்ரெட் ரெமெடீஸ்' என்று புத்தகமாவே போட்டது. பீச்சம் மாத்திரைக்குள்ள இருந்தது மூணே ஐட்டம்: மூசாம்பரம், இஞ்சி, சோப்பு. மூசாம்பரம்னா கற்றாழையின் கசப்புச் சாற்றைக் காயவைத்து எடுக்குறது. நல்ல பேதி மருந்து. சோப்பு எதுக்குன்னு கேக்குறீங்களா? பொடியை மாத்திரையா உருட்டிப் பிடிக்க. ஒரு பெட்டியில் 56 மாத்திரை. அத்தனைக்கும் சேர்த்து மூலப்பொருள் செலவு, ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்குதான். விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்ல.

மலச்சிக்கலுக்கு இந்த மாத்திரை வேலை செஞ்சது உண்மை. பிரச்னை என்னன்னா, தலைசுத்தலில் ஆரம்பிச்சு தூக்கமின்மை வரைக்கும் எல்லாத்துக்கும் இதுதான் மருந்துன்னு விளம்பரம் பண்ணாங்க.

டானிக்கா, சரக்கா?

அமெரிக்காவில் 'ஹாஸ்டெட்டர்ஸ் ஸ்டொமக் பிட்டர்ஸ்' ரொம்ப ஃபேமஸ். பசியைத் தூண்டும், வயித்தைச் சரிசெய்யும் என்று விற்ற கசப்பு டானிக். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதிச்சுப் பார்த்தபோது, அதில் ஆல்கஹால் மட்டுமே 40 சதவிகிதத்துக்கு மேல். அதாவது, விஸ்கி அளவு! மதுவைத் தொடவே மாட்டோம்னு சத்தியம் பண்ணினவங்ககூட 'மருந்து' என்ற பெயரில் இந்த மாதிரி டானிக்குகளைக் குடிச்சிட்டு இருந்தாங்க.

குழந்தைக்குக் கொடுத்த மார்ஃபின்

இதுவரைக்கும் சிரிச்சுட்டே படிச்சிருப்பீங்க. இனி சொல்லப்போறது அப்படியில்ல.

1849-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அறிமுகமானது 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்'. பல் முளைக்கும்போது அழும் குழந்தைக்கும், வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தைக்கும் கொடுக்கச் சொன்னாங்க. பாட்டிலில் தாயும் சேயும் இருக்கும் அழகான படம். உள்ளே, 30 மில்லிக்கு 65 மில்லிகிராம் மார்ஃபின். ஒரு டீஸ்பூன்ல ஏறக்குறைய 10 மில்லிகிராம். கடுமையான வலியில் இருக்கும் பெரியவர்களுக்கே இன்னிக்கு டாக்டர்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் ஆரம்பிப்பாங்க.

அபினும் மார்ஃபினும் குடலின் அசைவைக் குறைக்கும். அதனால வயிற்றுப்போக்கு நிற்கும், வலி தெரியாது, குழந்தை தூங்கும். 'மருந்து கேட்குது'ன்னு அம்மா நிம்மதியா இருப்பாங்க. ஆனா, அதே மார்ஃபின் மூச்சையும் குறைக்கும். எத்தனையோ குழந்தைகள் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்ல. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை 'குழந்தைக் கொல்லி' வரிசையில் சேர்த்தது. அதுக்குப் பிறகும் இந்த சிரப் 1930 வரைக்கும் கடைகளில் கிடைச்சது, மார்ஃபினை எடுத்துட்டு.

பெரியவர்களுக்கு 'குளோரோடைன்'. இது இந்தியாவில் பிறந்த மருந்து. பிரிட்டிஷ் ராணுவ டாக்டரா இங்கே இருந்த ஜான் காலிஸ் பிரவுன், 1848-ல் காலராவுக்காகச் செய்தது. அபின், கஞ்சா, குளோரோஃபார்ம் மூணும் ஒரே பாட்டிலில்! வயிற்றுப்போக்கை நிறுத்தியது. கூடவே நிறைய பேரை அடிமையாக்கியது.

தப்பிப் பிழைச்சவை

எல்லாமே ஏமாத்து வேலை இல்ல. ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ என்ற ஆங்கிலேயர் விற்ற 'ஃப்ரூட் சால்ட்'தான் இன்னிக்கும் நம்ம வீட்ல இருக்கும் ஈனோ. ஆப்பச்சோடாவும் புளிப்பு அமிலமும் தண்ணியில சேரும்போது நுரைக்கும், வயித்து அமிலத்தைத் தணிக்கும். நெஞ்செரிச்சலுக்குக் கொஞ்ச நேரம் பலன் தரும். அவ்வளவுதான் அதன் எல்லை. 'உடம்பையே சுத்தம் பண்ணும்' என்ற பழைய விளம்பரமெல்லாம் காணாமப் போச்சு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ப் பாட்டிகளுக்கு நல்லாத் தெரிஞ்ச கிரைப் வாட்டர். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் உட்வர்ட் 1851-ல் தயாரிச்சது. சதகுப்பை எண்ணெய், ஆப்பச்சோடா, சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவிகிதம் ஆல்கஹால். இந்தியாவில் இதைச் சென்னையின் டி.டி.கே நிறுவனம் வீடு வீடா கொண்டு சேர்த்தது. குழந்தைக்கு இதைக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு தலைமுறையா பேசும் டி.வி விளம்பரம், 90'ஸ் கிட்ஸ் யாருக்கும் மறக்காது. பிரிட்டனில் 1992-ல்தான் ஆல்கஹாலை நீக்கினாங்க. இங்கேயும் இப்போ ஆல்கஹால் இல்லாமல்தான் விற்குது. ஆனா, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர வேற எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதனால குழந்தைகள்நல டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க.

கதையை மாத்தினது ஒரு வார இதழ்

அமெரிக்கப் பத்திரிகைகளுக்குப் பெரிய வருமானமே இந்த மருந்து விளம்பரங்கள்தான். அதனால பெரும்பாலானவை வாய் திறக்கல. 1905-ல் 'காலியர்ஸ்' வார இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற நிருபர் 'தி கிரேட் அமெரிக்கன் ஃபிராட்' என்ற தொடரை எழுதி, பெயரைச் சொல்லியே போட்டு உடைச்சார். அடுத்த வருஷமே, 1906-ல், புதுச் சட்டம் வந்தது. அது எந்த மருந்தையும் தடை பண்ணல. ஆல்கஹால், அபின், கோகெய்ன் மாதிரி பொருள்கள் இருந்தா லேபிள்ல எழுதணும்னு சொன்னது. உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சதும், நிறைய அம்மாக்கள் அந்த பாட்டிலைத் தொடவே இல்ல.

பெயரை மாத்த வைக்கிறது மட்டும் அவ்வளவு ஈஸியா இல்ல. 'கார்ட்டர்ஸ் லிட்டில் லிவர் பில்ஸ்' வெறும் பேதி மாத்திரை. கல்லீரலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பெயரிலிருந்து 'லிவரை' எடுக்க வைக்க அமெரிக்க அரசுக்கு 1943-லிருந்து 1959 வரை, 16 வருஷம் ஆச்சு!

இப்போ உங்க கையில இருக்குற பாக்கெட்

'குடலை க்ளீன் பண்ணும் டீடாக்ஸ் டீ' ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி டீ பலவற்றில் இருப்பது நிலாவரை இலை. பீச்சம் மாத்திரையின் மூசாம்பரம் மாதிரியே குடலைத் தூண்டும் பேதி மருந்து. எடை குறைஞ்ச மாதிரி தெரியும். போனது தண்ணியும் மலமும்தான், கொழுப்பு இல்ல. 'நேச்சுரல்'ங்கிறதால பயமில்லைன்னு நினைக்காதீங்க. மூசாம்பரமும் நேச்சுரல்தான். பாதுகாப்புக்குப் போதுமான ஆதாரம் தரப்படவில்லை என்று, கடையில் நேரடியாக விற்கும் பேதி மருந்துகளில் அதைச் சேர்ப்பதை அமெரிக்கா 2002-ல் நிறுத்தியது.

வாங்குறதுக்கு முன்னாடி இதை மட்டும் பாருங்க:

* என்னென்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு லேபிள்ல இருக்கா? 'ரகசிய மூலிகைக் கலவை'ன்னு மட்டும் இருந்தா வச்சிடுங்க.

* ஒரே மருந்து பத்து வியாதிக்குன்னு சொல்றாங்களா? சர்க்கரை நோய், புற்றுநோய், குடல் புண் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வது இந்தியாவில் 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

* ஈனோ மாதிரி சோடா உப்புகளில் சோடியம் அதிகம். பி.பி., கிட்னி, இதயப் பிரச்னை உள்ள அப்பா, அம்மாவுக்குத் தினமும் கலக்கிக் கொடுக்காதீங்க.

* மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு, ரெண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயித்துத் தொந்தரவு... இதுல எது இருந்தாலும் மெடிக்கல் ஷாப் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

அந்தக் காலத்து அம்மாக்களுக்கு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாலும் படிக்க எதுவுமே இல்ல. உங்களுக்கு இருக்கு. ஒரு நிமிஷம் திருப்பிப் படிச்சிட்டு வாங்குங்க.