புனேயின் ஓடாவும் நம்ம ஓடையும்

புனே வந்த புதுசில் எனக்குச் சட்டென்று புரிந்த மராத்தி வார்த்தை 'ஓடா'. நம்ம ஓடையேதான். ஊருக்கு நடுவே ஓடுவதற்குப் பெயர் ஆம்பில் ஓடா. (ஆம்பில் என்பது இங்கே புளித்த கேழ்வரகுக் கஞ்சிக்கும் பெயர். ஆடி மாதக் கூழ் ஞாபகம் வருதா?) இன்றைக்கு அதன் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் அதன் கதை கொஞ்சம் பெரிசு.

காத்ரஜ் மலையடிவாரத்தில் பிறந்து முட்டா ஆற்றில் சேரும் ஓடை இது. 1750 வாக்கில் நானாசாகேப் பேஷ்வா காத்ரஜில் இதன் குறுக்கே அணை கட்டினார். அங்கிருந்து மண்ணுக்கடியில் கல் கால்வாய் வெட்டி, சனிவார்வாடா வரைக்கும் தெருத் தொட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, சரிவு மட்டும்தான். ஆள் இறங்கி நடக்கிற அளவுக்கு உயரமான கால்வாய், வழியெங்கும் காற்றுப்போக்கிகள். நாம ஆபீஸில் ஆணி பிடுங்குவதை எஞ்சினியரிங் என்று சொல்லிக்கொள்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதோடு விடவில்லை. பேட்டைகளை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த ஓடையையே மேற்கே திருப்பி விட்டார்கள். பர்வதி குன்றின் அடியில் ஏரி ஒன்றும் வந்தது. அதன் நடுத்தீவில் 1784-ல் கணபதி கோயில் கட்டினார்கள். ஏரி போய்விட்டது, பூங்கா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாம் பிள்ளைகளோடு பேல்பூரி தின்னப் போகும் சாரஸ்பாக் அதுதான். பிள்ளையாரை இன்னும் 'தள்யாத்லா கண்பதி', அதாவது குளத்துப் பிள்ளையார் என்றே சொல்கிறார்கள்.

திருப்பிவிட்ட ஓடை மெல்ல மெல்ல 'நாலா' ஆனது. கரையில் கட்டடங்கள், குடிசைகள், உள்ளே சாக்கடை. 2019 செப்டம்பர் 25 ராத்திரி கொட்டிய மழையில் அது தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆரண்யேஷ்வர் பக்கம் டாங்கேவாலா காலனியில் சுவர் விழுந்து ஆட்கள் செத்தார்கள். அந்த வெள்ளத்தில் புனே வட்டாரத்தில் இருபதுக்கும் மேல் சாவு. 2015-ல் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஓடையைச் 'சரிசெய்யும்' பேச்சு வந்தது. 2021 ஜூனில், தாண்டேகர் பாலத்துக்கு அருகே கரைக் குடிசைகளை இடித்தார்கள். மழைக்காலம், அதுவும் கொரோனா நேரம். அன்றைக்கே கோர்ட் தடை போட்டது. ஓடைக்கு இடம் வேண்டும், சரி. ஆனால் கணக்குத் தீர்ப்பது எப்போதும் குடிசையிலிருந்தே ஏன் ஆரம்பிக்கிறது? கரையை விழுங்கிய பெரிய கட்டடங்களும் இருக்கின்றனவே.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஊரின் மேற்கே ராம்நதி இருக்கிறது. பாவ்தன், பாஷாண், சோமேஷ்வர்வாடி வழியாக வந்து ஔந்தில் முளா ஆற்றில் சேரும் சின்ன நதி. நம்ம ஐ.டி. மக்கள் பாதிப்பேர் அதன் கரையில்தான் குடியிருக்கிறோம், பெயர்தான் தெரியாது. 2010 அக்டோபர் 4-ல் பாஷாணில் ஒன்றரை மணி நேரத்தில் 180 மி.மீ.க்கு மேல் மழை பெய்தபோதுதான் பலருக்கு அப்படி ஒரு நதி இருப்பதே தெரிந்தது.

2014-ல் தொடங்கிய 'ஜீவித்நதி' என்ற அமைப்பினர் ஒரு வழி கண்டார்கள்: கரையை நீளம் நீளமாகத் தத்தெடுப்பது. ராம்நதி முளாவில் சேருமிடத்திலும், முட்டா கரையில் விட்டல்வாடியிலும் அக்கம்பக்கத்து ஆட்களே வந்து குப்பை அள்ளினார்கள். பிள்ளைகளுக்குப் பறவையும் மரமும் காட்டினார்கள். நம்ம குடிமராமத்தின் தூரத்துச் சொந்தம் மாதிரி. அரசாங்கம் கான்கிரீட் சுவர் எழுப்பினால் அது நதி இல்லை, வாய்க்கால் என்பது இவர்கள் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சாக்கடையை நிறுத்தாமல் குப்பை மட்டும் அள்ளினால் தீராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டு சோப்பு, ஷாம்பு, தரை கழுவும் திரவம் வரைக்கும் கேள்வி கேட்கிறார்கள். அதற்குப் பதில் பூந்திக்கொட்டை, சீயக்காய்.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "சீயக்காய்ப் பொடி அரைச்சு அனுப்பறேன்னு எத்தனை வருஷமா சொல்றேன்டா, அட்ரஸை அனுப்பு" என்றார்.