ஒரு பிடி உப்பு



கைத்தொலைபேசியை ஒரு பொருளுக்கு நேரே பிடித்தால், அதன் பெயரையும் பயனையும் எடுத்துரைக்கும் செயலிகள் இக்காலச் சிறுவர்க்குக் கிடைத்துள்ளன. கருவி புதிது, கருத்தோ மிகப் பழையது. மொராவியாவில் பிறந்த கல்வியறிஞர் கொமேனியஸ், 1658ஆம் ஆண்டில் நியூரம்பேர்க் நகரில் ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ என்னும் படநூலை வெளியிட்டார். ரொட்டி சுடுவோன், மீன் பிடிப்போன், செருப்புத் தைப்போன் எனக் குழந்தை நாளும் காண்பனவற்றைப் படமாக்கி, படத்தின் உறுப்புகளுக்கு இலக்கமிட்டு, உரிய சொற்களை இலத்தீனிலும் ஜெர்மனிலும் அருகே அச்சிட்ட நூல் அது. பொருளைக் கண்டபின்பே சொல்லைக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நாளில் அவர் வாழ்ந்த நகரம் ஒல்லாந்தரின் அம்ஸ்ரர்டாம்.

அதே 1658இல்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிப் போர்த்துக்கேயரை இலங்கையினின்றும் அகற்றினர். பின்னர் 1667 முதல் 1676 வரை நமது கற்பிட்டியிலும் ஒரு கோட்டை எழுப்பினர். மணலும் பனையும் நிறைந்த இம்முனையில் கோட்டை எதற்கு? பாடநூலை மனனஞ் செய்த மாணவன் ஆண்டைச் சொல்வான். காரணத்தைச் சொல்லத் தயங்குவான். அவன் கையில் ஒரு பிடி உப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

கண்டி மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. புத்தளக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் மேலே சென்றன. பாக்கு கீழே வந்தது. களப்பின் வாயிலருகே கற்பிட்டி இருப்பதால், அதனைப் பிடித்தவர் புத்தளத்துக்கு வரும் தோணிகளைத் தடுக்கலாம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன்பின் கண்டியரசன் தன் குடிகளின் உப்புக்கும் அந்நியர் இணக்கத்தை நாட வேண்டியவனானான். பீரங்கியினும் உப்பே வலிய ஆயுதமாயிருந்தது என்பது என் துணிபு.

உப்புப் பிறக்கும் விதமும் வினாக்கள் நிறைந்ததே. பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற விடுவர். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும் படியும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்பே சோற்றுப்புப் பூக்கும். எஞ்சிய நீர் மகனீசிய உப்புகளால் கசக்கும். அதனை வடித்து விடுவர். கடைசி நீரை ஏன் வீசுகிறார்கள் என்று வினவும் சிறுமி, இரசாயனத்தின் வாயிலில் நிற்கிறாள். அவள் விரலால் தொட்டுச் சுவைத்தறியும் கசப்பைச் செயலி தரமாட்டாது. பெயரை அது சொல்லட்டும், தடையில்லை; ஆனால் சுவைத்த பின்னர்ச் சொல்லட்டும்.

இக்கரை அத்தகைய வினாக்காரரைப் பெற்றதுண்டு. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல், தம் இருபத்தேழாம் வயதில், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள், தொழில்கள், வழக்கங்கள் ஆகியவற்றைத் திரட்டி ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். அவர் பிறந்த ஊரில் ஒல்லாந்தரின் அக்கோட்டை இன்றும் நிற்கிறது.