நாலு மணிக் காபியும் நாலு மணிச் சுண்டலும்

சாயங்காலம் நாலு மணி வாக்கில் மனசு தொய்ந்துபோவது பலருக்கும் பழகிப்போனது. கவனம் நிற்காது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். அதற்கு நம் வீடுகளில் காபியும் உண்டு, கொண்டைக்கடலைச் சுண்டலும் உண்டு. என் ஓட்டு சுண்டலுக்குத்தான்.

காபியின் பலம் வேகம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும். அசதியை உணர்த்துவது அதுதான். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்தி உட்கார்ந்துவிடுகிறது. அரை மணியில் தெளிவு வரும். ஆனால் அசதி தீர்ந்திருக்காது, தெரியாமல் இருக்கும். குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் மனசு இன்னும் மோசமாகும்.

சுண்டல் மெதுவாகத்தான் வேலை செய்யும். மெல்லச் செரிப்பதால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறி இறங்காது. அதைவிடப் பெரிது அதிலுள்ள இரும்புச்சத்து. வெந்த கடலை 100 கிராமில் சுமார் 3 மில்லிகிராம். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், டோபமைன் இரண்டையும் உடம்பு தயாரிக்க இரும்பு வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. "எப்பப் பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா" என்று வீட்டில் பேச்சு வாங்கும் பெண்ணுக்கு ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கலாம். இதை யாரும் யோசிக்காததுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு கிண்ணம் தின்றதும் மனசு மலர்ந்துவிடாது. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜக்கா குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சோர்வு கண்ட 67 பேர் இருந்தார்கள். பருப்பு, பயறு, காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று 12 வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்ட பிரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்த பிரிவில் 8 சதவீதம் பேருக்கே. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான் பலன் என்பது அதிலிருந்து புரிகிறது.

சிக்கல் இரண்டையும் சேர்க்கும்போது வருகிறது. சுண்டல் தின்ற கையோடு குடிக்கும் காபி, கடலையின் இரும்பைக் குடலில் சரியாகச் சேரவிடாது, டீயும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். கடலையை ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். இரும்பைத் தடுக்கும் ஃபைடேட் கொஞ்சம் குறையும். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் தூவி, அடுப்பை விட்டு இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அதன் வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற்றும். கொதிக்கும்போதே பிழிந்தால் கசப்பும் தட்டும், வைட்டமினும் குறையும். கடற்கரைச் சுண்டலில் அந்த வேலையை மாங்காய் செய்கிறது.

காபியைக் காலையில் குடியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மனசு எழும்பவில்லையென்றால் காபியும் சுண்டலும் போதாது. டாக்டரைப் பாருங்கள், அப்படியே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.