ஃபில்லோடீஸ்: இலையின் பெயர் பெற்ற கட்டி

மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத அரிய வகை ஃபில்லோடீஸ். கிரேக்கத்தில் ‘ஃபில்லோன்’ என்றால் இலை. ‘ஃபில்லோடீஸ்’ என்றால் இலை போன்றது. 1838இல் ஜெர்மானிய மருத்துவர் யோஹானஸ் முல்லர் இதற்கு ‘சிஸ்டோசர்கோமா ஃபில்லோடீஸ்’ என்று பெயரிட்டார். சதைப்பற்றைக் குறிக்கவே அவர் ‘சர்கோமா’ என்றார். பின்னாளில் அச்சொல் புற்றுநோயைக் குறிக்க, பெயரே நோயாளியை அச்சுறுத்தியது. ஆனால் இவ்வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆகவே 1981இல் உலக சுகாதார நிறுவனம் முன்பாதியைக் கைவிட்டது சரியான முடிவு.

எஞ்சிய பாதி சுட்டும் இலை எங்கே இருக்கிறது? கட்டியை அறுத்துப் பார்க்கும்போதும் நுண்ணோக்கியிலும்தான். மேமோகிராமில் தெரிவது விளிம்பு தெளிந்த, உருண்ட நிழல் மட்டுமே. சாதாரண, தீங்கற்ற மார்பகக் கட்டியான ஃபைப்ரோஅடினோமாவும் அப்படியே தெரியும். அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் நீர் நிறைந்த கீற்றுகள் தெரிகின்றனவே, அவை இலைகளுக்கு இடைப்பட்ட பிளவுகள்தாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், எம்ஆர்ஐயிலும் அவை புலப்படுவதுண்டு. ஆனால் எல்லாக் கட்டியிலும் அவை இல்லை. ஃபைப்ரோஅடினோமாவிலும் சில வேளை இருக்கும். ஆக, ஸ்கேன் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது. ஊசி பயாப்சிகூடச் சில நேரம் தடுமாறும், எடுக்கும் துணுக்கு சிறிது என்பதால். எனவே வேகமாக வளரும் கட்டியை, ஸ்கேனில் சாதுவாகத் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள். முழுதாக அகற்றிச் சோதித்த பிறகே அது தீங்கற்றதா, இடைநிலையா, புற்றா என்பது உறுதியாகும்.